‘ஷோலே’ 70 எம்.எம். கேமராவில் எடுத்த படமல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1975-இல் வெளியான ‘ஷோலே’ இந்திப் படத்தின் பொன்விழாவையொட்டி வந்த கட்டுரைகளில் இரண்டு தகவல்கள் திரும்பத் திரும்ப இடம்பெற்றன. அதுதான் இந்தியாவின் முதல் 70 எம்.எம். (ஃபிலிமின் அகலம்) படம் என்பது ஒன்று, 70 எம்.எம். கேமராவில் படமாக்கினார்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே சரியல்ல. ராஜ்கபூர் நடித்த ‘அரவுண்ட் தி வேர்ல்டு’ 1967-லேயே 70 எம்.எம்.மில் வந்துவிட்டது. ‘ஷோலே’யை ஒளிப்பதிவாளர் துவாரகா திவேச்சா எடுத்தது வழக்கமான 35 எம்.எம். கேமராவில். பிரிண்ட் போடும்போதுதான் அதை 70-ஆகப் பெரிதாக்கினார்கள். இதனால் படத்தின் பெருமை குறைந்துவிடாது. பட்ட பாடு இன்னும் அதிகம் என்பதுதான் உண்மை.

35 எம்.எம். நெகட்டிவில் உயரம் 1 என்றால் அகலம் 1.37. 70 எம்.எம். திரைக்கோ அகலம் 2.2 வேண்டும். ஆக, மேலும் கீழுமாகச் சேர்த்து உயரத்தில் சுமார் 38 சதவீதம் வெட்டுப்படும். எது தங்கும், எது போகும் என்று ஷூட்டிங்கிலேயே தெரிவதற்காக கேமராவின் கிரவுண்ட் கிளாஸில் (காட்சியைப் பார்த்து ஃபோகஸ் செய்யும் கண்ணாடி) 70-க்கான எல்லையைக் கோடாக வரைந்துகொண்டார்கள். நடிகரின் தலையும் கையும் அந்தக் கோட்டுக்குள் நிற்க வேண்டும். கோட்டுக்கு வெளியே உள்ள இடத்தையும் அலட்சியமாக விட முடியாது. அங்கே மைக்கோ டிராலி தண்டவாளமோ எட்டிப்பார்த்தால் 70-இல் தெரியாது, 35 எம்.எம். பிரிண்ட் ஓடும் அரங்கில், படத்தின் ஓரத்தை மறைக்கும் மாஸ்க் சற்றுத் தவறினாலும் தெரிந்துவிடும். அதோடு, நெகட்டிவில் சிறிய பகுதியை எடுத்து அவ்வளவு பெரிய திரைக்கு விரிக்கும்போது கிரெய்ன், அதாவது ஃபிலிமின் பொடிப்புள்ளிகள், தூக்கலாகத் தெரியும். ஃபோகஸ் மயிரிழை பிசகினாலும் மறைக்க முடியாது.

இந்தப் பின்னணியில் அந்த விளக்குக் காட்சியைப் பாருங்கள். ஜெயா பாதுரி விளக்குகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு போக, எதிர்ப்புறம் அமிதாப் மவுத் ஆர்கன் வாசிப்பார். இதைப் படமாக்க ஏறத்தாழ 20 நாள் பிடித்தது. சூரியன் மறைந்து இருட்டு கவிவதற்குள் கிடைப்பது சில நிமிடங்கள்தான். முந்திக்கொண்டால் விளக்கின் ஒளி எடுபடாது. பிந்தினால் வானமும் வீடும் கறுத்துப்போகும். அன்றைய வண்ண ஃபிலிமின் வேகமும் (ஒளியை வாங்கும் திறன்) குறைவு. லென்ஸை முழுக்கத் திறந்தாக வேண்டும், அப்போது ஃபோகஸின் ஆழம் சுருங்கிவிடும். ஒரு மாலைக்கு ஒன்றிரண்டு டேக் தேறினாலே பெரிது.

ஒலிக்கும் தனிப்பாடு. 70 எம்.எம். பிரிண்டின் ஓரங்களில் நான்கு காந்தப் பட்டைகள் பூசி, அவற்றில் ஆறு டிராக் பதிப்பார்கள். பட்டையிலுள்ள ஒலியைப் படிக்கும் புரொஜக்டரின் ‘ஹெட்’டை ஆபரேட்டர் சுத்தம் செய்யாமல் விட்டால் பட்டையிலிருந்து உதிரும் துகள் அடைத்துக்கொண்டு வசனம் மந்தமாகும். காந்தம் ஏறிய கத்தரியால் ஃபிலிமை வெட்டி ஒட்டினால், ஒட்டுப்போட்ட இடம் வரும்போதெல்லாம் ‘டப்’ என்று கேட்கும். ஃபிலிமின் நீளமும் கூடுதல். 35 எம்.எம். நிமிடத்துக்கு 90 அடி ஓடும், 70 எம்.எம். 112.5 அடி. 204 நிமிடப் படத்துக்குக் கிட்டத்தட்ட 23,000 அடி ஃபிலிம்!

அத்தனை பிரிண்ட் போட்டும் 70 எம்.எம்.மில் ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. மூல நெகட்டிவும் வினிகர் வாடையடித்துக் கெட்டுவிட்டது. பிரிட்டனில் ஒரு கிடங்கில் கிடைத்தவை உள்ளிட்ட இடைநிலைப் பிரதிகளைக் கொண்டு, பழைய படங்களைப் பாதுகாக்கும் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் தயாரிப்பு நிறுவனமான சிப்பி ஃபிலிம்ஸும் படத்தை மீட்டெடுத்தன. 2025 ஜூன் 27 அன்று இத்தாலியின் போலோன்யாவில் அதைத் திரையிட்டார்கள். தாக்கூரே வில்லன் கப்பர் சிங்கைக் கொல்லும் முடிவு அதில் இருக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில் தணிக்கை வாரியம் ஒப்பாததால், போலீஸ் வந்து தடுப்பதாக மாற்றி எடுக்கப்பட்ட இடம் அது.

இவ்வளவு பாடுபட்டு 2.2 அகலத்தை மீட்டுத் தந்திருக்கிறார்கள். அதை முழுதாகக் காட்டுவது நம் அரங்குகளின் பொறுப்பு. இன்றைய ஸ்கோப் (அகலத்) திரையின் விகிதம் 2.39. ‘ஷோலே’யை உயரம் குறையாமல் போட்டால் இரு பக்கமும் சிறிது கறுப்பு விழத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பதறி ஜூம் செய்து திரையை நிரப்பினால் தலையும் காலும் வெட்டுப்படும். திரையின் இரு பக்கமும் உள்ள கறுப்புத் துணியை, அதாவது பக்க மாஸ்க்கை, உள்ளே நகர்த்துவதே முறை. வீட்டில் டிவியில் பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டை படத்தின் குறையல்ல. அதை நீக்க ரிமோட்டில் ‘ஜூம்’ அழுத்தினால் அகலத்தில் சுமார் 19 சதவீதம் பறிபோகும். படப்பிடிப்பு நடந்த கர்நாடகத்தின் ராமநகரப் பாறைகளுக்கு நடுவே கப்பர் தன் மூன்று ஆட்களை நிறுத்தி விசாரிக்கும் காட்சியில், ஓரத்தில் நிற்பவர் பாதி ஆளாகிவிடலாம். பட விகிதத்தை ‘ஒரிஜினல்’ என்று வைத்துவிட்டுப் பாருங்கள். அரங்கில் இந்தப் படம் மறுபடி ஓடும்போது மாஸ்க் நகராமல் இருந்தால், இடைவேளையில் மேனேஜரிடம் தயங்காமல் சொல்லுங்கள்; ஐந்து நிமிட வேலைதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திரையரங்க ஆபரேட்டர்கள் சிலர்,
மதுரை