பழைய மேக்னமும் அதற்கேற்ற தோட்டாவும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பட்டறையை மகனிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே தினமும் போய் நிற்கிறேன் என்கிறாய். பாவம் அந்தப் பையன்.

துப்பாக்கி வாங்கினேன் என்று உன் தங்கை சொன்னாளாம், உண்மையா என்று கேட்டிருந்தாய். உண்மைதான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19, .357 மேக்னம் என்ற வலுவான தோட்டா போடும் ரிவால்வர், நாலு அங்குலக் குழல். யாரோ ஒரு பெரியவர் வைத்திருந்தது, கடையில் விற்பனைக்கு வந்தது. இங்கே டெக்சாஸில் வாங்குவதற்கு முன் லைசென்ஸ் எடுக்க வேண்டியதில்லை. 4473 என்ற படிவத்தை நிரப்பினால், கடைக்காரர் நம் பேரைக் குற்றப் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். குடியுரிமையோ பச்சை அட்டையோ இருந்தால் சரி. வேலை விசாவில் வந்த பையன்களுக்குப் பொதுவாகக் கிடையாது. தேர்தல் வந்தால் உங்கப்பா இரட்டைக்குழல் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிவருவாரே, அந்த அலைச்சலெல்லாம் இங்கே இல்லை. அது நல்லதா என்று கேட்டால், நம்மூர்க் கெடுபிடியில் பாதியாவது இங்கே இருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வாங்கிக்கொண்டே இப்படிச் சொல்கிறேனே என்று வீட்டில் சிரிக்கிறாள்.

வாங்கும் முன் பார்த்த விஷயங்கள் உனக்குப் பிடிக்கும். முதலில் தோட்டா போடுகிற சுழல் உருளையை, அதாவது சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்தேன். திறந்த இடத்தில் துப்பாக்கியின் உடற்சட்டத்தின் மேல் (இங்கே இதை ஃபிரேம் என்பார்கள்) 19-4 என்று பொறித்திருக்கிறது. அப்படியென்றால் 1977க்கும் 1982க்கும் இடையில் செய்தது. பிறகு நீ இன்ஜினில் டேப்பட் இடைவெளி பார்க்கிற அதே ஃபீலர் கேஜ், மெல்லிய அளவுத் தகடுகள்! சிலிண்டர் முகத்துக்கும் குழலின் பின்பக்கத்துக்கும் நடுவே விட்டுப் பார்த்தேன். 0.006 அங்குலத் தகடு வழுக்கிக்கொண்டு போனது, 0.007 போகவில்லை. நல்ல அளவு. 0.010ஐத் தாண்டினால் நான் வேண்டாம் என்றிருப்பேன். தோட்டாவை வெடிக்கவைக்கத் தட்டுகிற பின்பக்கச் சுத்தியலை மெதுவாக இழுத்தால், அது கடைசியில் நிற்பதற்குள் சிலிண்டர் 'டக்'கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பார்த்தேன். திருகுத் தலைகள் சிதையாமல் இருந்தன, அதனால் அரைகுறை ஆள் யாரும் கழற்றிப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. நீலப் பூச்சு தோலுறையில் உரசி வெளுத்திருக்கிறது. அது பார்வைக்குத்தான், விலையைக் குறைக்க எனக்குச் சாக்காகவும் ஆயிற்று.

ரொம்ப நேரம் பார்த்தது குழலின் பின்வாயை. சிலிண்டரிலிருந்து பாயும் குண்டு முதலில் நுழைகிற இடம் அது. இந்த மாடலில், சிலிண்டரைத் தாங்கும் பகுதிக்கு இடம் விட வேண்டும் என்பதற்காக, அந்த வாயின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் தட்டையாகச் சீவியிருப்பார்கள். அங்கே இரும்பு மெல்லிசு. விரிசல் விட்டால் அங்கேதான் விடும்.

தோட்டா விஷயம் இங்கேதான் வருகிறது. 1955இல் இந்த ரிவால்வர் வந்தபோது, போலீஸ்காரர்கள் பயிற்சிக்கு வேகம் குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவும் இடுப்பில் வேகம் கூடிய மேக்னம் தோட்டாவுமாக வைத்துக்கொண்டார்கள். குண்டின் விட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான். மேக்னத்தின் கூடு (மருந்து இருக்கும் பித்தளைக் குழாய்) மட்டும் மூன்று மில்லிமீட்டர் சொச்சம் நீளம், பழைய .38 துப்பாக்கிக்குள் தவறிப்போய் நுழையக் கூடாது என்பதற்காக. அதனால் .357இல் .38ஐச் சுடலாம், மாற்றிச் சுடக் கூடாது. பிற்பாடு 125 கிரெயின் (சுமார் 8 கிராம்) எடையுள்ள லேசான குண்டு வந்தது. நொடிக்கு 1,400 அடிக்கு மேல் போகும். குண்டு குட்டை, வெடிமருந்து அதிகம். கொதிக்கும் வாயுவும் எரியாத மருந்தும் அந்த மெல்லிசு இடத்தைத்தான் அரிக்கும். பயிற்சியிலும் அதையே சுடத் தொடங்கியதும் குழல்கள் விரிசல் விட்டன. 1980 வாக்கில் கம்பெனி கொஞ்சம் பெரிய உடற்சட்டத்தில் வேறு மாடல் கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் நான் பெரும்பாலும் சுடுவது 148 கிரெயின் வாட்கட்டர். முனை தட்டையான .38 தோட்டா, காகிதத்தில் பஞ்சிங் மெஷின் குத்தினது போல வட்டமாக ஓட்டை விழும். கையும் வலிக்காது. மேக்னம் ஆசை வந்தால் 158 கிரெயின், அதுவும் ஒரு சிலிண்டர் சுட்டால் போதும். .38 நிறையச் சுட்டால் அறையின் முன்பக்கம் கரி வளையமாகப் படியும், துலக்காவிட்டால் மேக்னம் கூடு சிக்கிக்கொள்ளும். சாயங்காலம் பித்தளை பிரஷ் வைத்துத் தேய்ப்பது என் வேலை.

கடைக்காரர் இலவசமாக ஒரு பிளாஸ்டிக் பையில் தோட்டா கொடுத்தார். பழைய சொந்தக்காரர் வீட்டிலேயே மருந்து நிரப்பியதாம். எவ்வளவு நிரப்பினார் என்று பையில் ஒரு எழுத்துக்கூட இல்லை. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஓசி என்பதற்காக முகத்துக்கு நேரே வைத்து வெடிக்க முடியுமா?

ரிவால்வர் இரும்புப் பெட்டியில் இருக்கிறது, தோட்டா வேறு அறையில். பேரன் வந்தால் சாவி என் கழுத்தில்.

அப்புறம், உன் முழங்காலுக்கு டாக்டர் என்ன சொன்னார்? ஆபரேஷன் என்றால் தை மாதம் வரை தள்ளிப்போட முடியுமா என்று கேள். பொங்கலுக்கு நாங்கள் அங்கே இருப்போம், ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஒரு ஆளாவது ஆகும். தேதி தெரிந்தால் உடனே எழுது, டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்,
ராஜாமணி