890 கிராம் என்று விற்ற டென்ட் 1,160 கிராம்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர் (பெயரும் முகவரியும் ஆர்டரில் உள்ளபடி),
கும்பகோணம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
நடைப்பயணச் சாமான்கள் விற்பனைப் பிரிவு.

பொருள்: இருவர் டென்டின் எடை பற்றிய தவறான விளம்பரம், தையலில் ஒழுகல், விற்பனைக்கு முன் தந்த தவறான உறுதி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் இணையதளத்தில் மார்கழி மாதத் தள்ளுபடி விற்பனையில் இருவர் படுக்கும் லேசான டென்ட் ஒன்றை 13,499 ரூபாய்க்கு வாங்கினேன். ரசீது, படங்கள், வீடியோ எல்லாம் இந்த மின்னஞ்சலோடு இணைத்திருக்கிறேன். நீங்கள் போட்டிருக்கும் எடை உண்மையில்லை. ‘முழுவதும் சீல் செய்யப்பட்டது’ என்று சொன்ன தையல் ஒழுகுகிறது. வாங்குமுன் நான் கேட்ட ஒரே கேள்விக்கு உங்கள் ஆள் சொன்ன பதிலும் தவறு. வாடிக்கையாளர் சேவையில் யார் பேசினாலும் அதே நாலு வரியை வெட்டி ஒட்டி அனுப்புகிறார்கள். அதனால்தான் உங்களுக்கே நேரடியாக எழுதுகிறேன்.

எடையை முதலில் பேசிவிடுகிறேன். பக்கத்தின் தலையிலேயே கொட்டை எழுத்தில் ‘890 கிராம்’ என்று இருக்கிறது. டென்டைத் தாங்கும் ட்ரெக்கிங் ஸ்டிக் இரண்டையும் நாமே கொண்டுவர வேண்டும், அவை இந்த எடையில் சேராது என்று கீழே சொல்லியிருக்கிறீர்கள். அதைப் படித்துத்தான் வாங்கினேன், அதில் எனக்குத் தகராறு இல்லை. பார்சல் வந்ததும் எங்கள் தெருமுனைப் பாத்திரக்கடையில், பித்தளைச் சாமான் நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பார்த்தோம். துணி மட்டும் 978 கிராம். இழுத்துக் கட்டும் கயிறுகள் 54. தரையில் அடிக்கும் முளைகள் எட்டும் சேர்ந்து 96. முளை போடும் குட்டிப் பை 6, டென்டைச் சுருட்டி வைக்கும் உறை 26. ஆக மொத்தம் 1,160 கிராம். நீங்கள் சொன்னதைவிட 270 கிராம், அதாவது 30 சதவீதம் அதிகம். விஷயத்தைக் கேட்ட கடைக்கார அண்ணன் சிரித்துவிட்டு, “மூடி இல்லாம எடை போட்டு விலை சொல்லிட்டு, பில்லுல மூடியச் சேத்தா என்னைய சும்மா விடுவாங்களாம்மா?” என்றார். அவர் கேட்டதையே நானும் உங்களிடம் கேட்கிறேன்.

இதற்கு உங்கள் சேவைப் பிரிவு தந்த விளக்கம்: 890 என்பது ‘குறைந்தபட்ச எடை’, துணிக்கு மட்டும். தயாரிப்பில் 5 சதவீதம் கூடக்குறைய இருக்குமாம். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். 890-இல் 5 சதவீதம் 44 கிராம் சொச்சம். கூட்டினால் 935-ஐத் தாண்டாது. என் கையில் இருக்கும் துணி 978. உங்கள் சலுகைக்குள்ளேயே அது அடங்கவில்லை. ‘குறைந்தபட்ச’ என்ற சொல்லும் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கம்பியில் தானாக நிற்கும் டென்ட் என்றால், முளையை விட்டுவிட்டு எடை சொன்னாலும் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது. உங்களுடையது அப்படிப்பட்டதல்ல. நாலா பக்கமும் முளை அடித்து, கயிற்றை இழுத்துக் கட்டினால்தான் எழும். முளை இல்லையென்றால் தரையில் கிடக்கும் துணிதான். எது இல்லாமல் நிற்கவே நிற்காதோ அதை எடையில் விட்டுவிடுவது என்ன கணக்கு?

270 கிராமுக்கு இவ்வளவு பேச்சா என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றக் கூடாது, ஏனென்றால் உங்கள் வியாபாரமே கிராம் கணக்கில்தான் நடக்கிறது. பை, டென்ட், படுக்கை, இந்த மூன்றும்தான் முதுகுச் சுமையில் பெரும்பங்கு. நானும் என் அக்காவும் நடப்பது மலையில் அல்ல. கல்லணையிலிருந்து பூம்புகார் வரை, காவிரிக் கரையோரம். தை மாதத்திலும் எங்கள் பக்கம் ராத்திரி 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், ஆளுக்கொரு பருத்திப் போர்வை போதும். (5 டிகிரிக் குளிருக்கான ஸ்லீப்பிங் பேக்கையும் சேர்த்து வாங்கச் சொல்லி உங்கள் தளம் விடாமல் நச்சரித்தது. அதற்குள் படுத்தால் விடிவதற்குள் அவிந்துவிடுவோம்.) அடுப்பு, கேஸ் டப்பா எதுவும் வேண்டாம், திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, சுவாமிமலை, குத்தாலம் என்று வழியெல்லாம் டீக்கடையும் இட்லிக்கடையும் இருக்கின்றன. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது கொசு, பனி, எப்போதாவது ஒரு மழை. மூன்றுக்கும் சேர்த்து டென்ட் ஒன்றுதான். எங்கள் பையின் எடையை முடிவு செய்வதே அதுதான்.

அதனால் டென்டைத் தேர்ந்தெடுக்கத்தான் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசிச் சுற்றில் இரண்டு நின்றன. ஒன்று உங்களுடைய ஒற்றைத் துணி டென்ட். மற்றொன்று வேறொரு நிறுவனத்தின் இரட்டைத் துணி டென்ட்: உள்ளே கொசுவலை, மேலே தனியாக மழைத்துணி, அலுமினியக் கம்பியில் தானே நிற்கும். விலை ஏறத்தாழ ஒன்றுதான். அவர்கள் கம்பி, முளை, கயிறு, உறை எல்லாவற்றையும் சேர்த்து 1,240 கிராம் என்று போட்டிருந்தார்கள். 890-உம் 1,240-உம் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் யார் எதை எடுப்பார்கள்? 350 கிராம் மிச்சம் என்று நம்பி உங்களுடையதை எடுத்தோம். தராசில் வைத்த பிறகுதான் தெரிந்தது, வித்தியாசம் வெறும் 80 கிராம். அந்த 80 கிராமுக்காகத் தானே நிற்கும் டென்டை நான் விட்டிருக்கவே மாட்டேன். உள்ளதைச் சொன்ன நிறுவனம் ஒரு விற்பனையை இழந்தது, மறைத்த நீங்கள் அதைப் பெற்றீர்கள். என் புகாரில் மற்றதெல்லாம் இதற்கு அடுத்ததுதான்.

இனி கல் தரை விஷயம். கரையோர நடையில் முளை அடிக்க நல்ல மண் எப்போதும் கிடைத்துவிடாது. தையில் சம்பா அறுவடை. வயலில் இறங்கினால் அறுத்த தாள் காலைக் குத்தும், அடியில் ஈரம். கரை மேட்டிலோ சீமைக்கருவேல முள். இருட்டுவதற்குள் ஊர்க்காரர்கள் நமக்குக் காட்டும் இடம் கோயில் மண்டபம், பள்ளிக்கூடத் தாழ்வாரம், படித்துறைக்கு மேலே உள்ள கல் தளம். பெண்கள் இருவர் அங்கே தூங்க வேண்டுமானால் மறைப்பும் வேண்டும், வலையும் வேண்டும். இதையெல்லாம் விளக்கித்தான் உங்கள் சாட்டில் கேட்டேன்: “கருங்கல் தரையில் முளை இறங்காது. அப்போதும் நிற்குமா?” வந்த பதில்: “ஆமாம் மேம், எந்தத் தரையிலும் நிற்கும்.” அந்த உரையாடலையும் இணைத்திருக்கிறேன்.

நிற்கவில்லை. திருவையாற்றுப் பக்கம் ஒரு மண்டபத்தில், முன்கயிற்றை ஒரு தூணிலும் பின்கயிற்றை ஜன்னல் கம்பியிலும் கட்டிப் பார்த்தோம். பக்கவாட்டில் இழுக்க ஏதும் இல்லாததால் துணி இரண்டு ஓரமும் சரிந்து முகத்தில் விழுந்தது. அக்கா அதைப் போர்த்திக்கொண்டு கொசுவை அடித்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். பிறகு உங்கள் சேவைப் பிரிவு ஒரு யோசனை சொன்னது: கயிற்றைப் பெரிய கல்லில் கட்டிவிடலாமாம். மலையடிவாரத்தில் கட்டலாம். இது டெல்டா. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் பூமி. ராஜராஜன் பெரிய கோயில் கட்டவே கல்லை வெளியிலிருந்துதான் கொண்டுவந்தான். எங்கள் கயிற்றுக்கு எட்டுக் கல்லை ராத்திரி ஏழு மணிக்கு நாங்கள் எங்கே தேடுவது?

முளைகளைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சாண் நீளம்கூட இல்லாத மெல்லிய கம்பிகள். இறுகிய கரை மண்ணில் பிடிக்கின்றன, பூம்புகார் மணலில் ஒரு காற்றுக்குப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. அங்கிருந்த மீனவர் ஒருவர் பிளாஸ்டிக் சாக்கில் மணலை நிரப்பி, அதில் கயிற்றைக் கட்டிக் குழியில் புதைக்கச் சொல்லிக்கொடுத்தார். அசையவே இல்லை. இந்த யோசனையை உங்கள் கையேட்டில் சேர்த்துக்கொள்ளலாம், காசு கேட்கமாட்டேன்.

எடைக்கு அடுத்தபடியாக ஒழுகலை நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டும். மயிலாடுதுறையைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பில், நல்ல மண்ணில், உங்கள் படத்தில் உள்ளபடியே அடித்துப் படுத்திருந்தோம். நடு ராத்திரியில் மழை. தையில் மழை எங்கள் பக்கம் அதிசயமில்லை. அறுக்க நிற்கும் கதிரைச் சாய்த்துவிட்டுப் போகும். கொஞ்ச நேரத்தில் உச்சித் தையலிலிருந்து சொட்ட ஆரம்பித்தது. இதைச் சொன்னதற்கு, “அது மழைத் தண்ணீர் இல்லை மேம், நீங்கள் விடும் மூச்சு துணியில் பட்டுக் குளிர்ந்து சொட்டியிருக்கும்” என்று பதில் வந்தது.

ஒற்றைத் துணி டென்டில் மூச்சு நீர் கோர்க்கும் என்பது எனக்கும் தெரியும். மார்கழி, தைப் பனியில் அது கட்டாயம் கோர்க்கும். ஆனால் மூச்சு நீர் துணி முழுக்கப் பூத்து, சரிவில் வழிந்து ஓரத்துக்கு இறங்கும். தையல் கோட்டைத் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் சொட்டாது. இருந்தாலும் சந்தேகம் வேண்டாமென்று வீட்டுக்கு வந்தபின் கொல்லையில், உச்சி வெயிலில், உள்ளே ஆளில்லாமல், கதவைத் திறந்து போட்டு டென்டை அடித்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளியால் உச்சித் தையல் மேல் ஊற்றினாள் அக்கா. நான் உள்ளே தலையை நீட்டி வீடியோ எடுத்தேன். துணி காய்ந்தே இருந்தது. தையலில் ஒவ்வொரு ஊசித்துளையிலும் ஒரு துளி திரண்டது. திரண்ட துளி பக்கத்துத் துளியோடு சேர்ந்து, நூலைப் பிடித்துக்கொண்டே ஓடி, தொய்ந்த இடத்தில் சொட்டியது.

காரணமும் கண்ணுக்கே தெரிகிறது. உங்கள் துணி இருபுறமும் சிலிக்கான் பூசியது. அதில் சாதாரணத் தையல் டேப் ஒட்டாது. சிலிக்கான் பசையைப் பிரஷ்ஷால் தடவிக் காயவிட வேண்டும். என் டென்டில் பின்பக்கத்திலிருந்து வரும் பசையின் பளபளப்பு, வாசலுக்கு இரண்டு சாண் முன்னால் நின்றுவிடுகிறது. அதற்குமேல் வெறும் நூல். தடவியவர் பாதியில் சாப்பிடப் போய்விட்டாரோ என்னவோ. ‘3,000 மி.மீ.’ என்று நீங்கள் போட்டிருப்பது துணி தாங்கும் நீர்மட்டத்தின் உயரம். அதை நான் மறுக்கவில்லை. மூன்று மீட்டர் தண்ணீரைத் தாங்கும் துணியில் ஆயிரம் ஊசித்துளையைத் திறந்து வைத்தால் அந்த எண்ணால் யாருக்கு லாபம்?

எதையெடுத்தாலும் குறை சொல்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். 20 டெனியர் நைலான் என்றால் 9,000 மீட்டர் நூலே 20 கிராம்தான். அவ்வளவு மெல்லிய துணி கருவேல முள்ளில் கிழிந்தால் அது என் பாடு. நனைந்த நைலான் தொய்யும், எழுந்து கயிற்றை இறுக்க வேண்டும், அதுவும் தெரிந்ததே. லேசான பொருளுக்கு உரிய சிரமங்களை ஏற்றுக்கொண்டுதான் வாங்கினேன். லேசாகவும் இல்லாத பொருளுக்கு அந்தச் சிரமங்களை நான் ஏன் சுமக்க வேண்டும்?

‘பயன்படுத்திய பொருள் திரும்பப் பெறப்படாது’ என்கிறீர்கள். மழையில் அடித்துப் பார்க்காமல் ஒழுகுவதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று உங்கள் விதி சொல்லவில்லை. பதிலாகப் பாலியூரித்தேன் பூசிய வேறொரு மாடலைத் தருவதாகச் சொன்னீர்கள். அது இன்னும் கனம். மேலும் அந்தப் பூச்சு, எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் மடித்து வைத்தால் நாளடைவில் ஈரத்தால் சிதைந்து பிசுபிசுத்து உரியும். என் பழைய ரெயின்கோட் அப்படித்தான் போனது. வேண்டாம்.

எனக்கு வேண்டியது 13,499 ரூபாயும் முழுதாகத் திரும்ப. டென்டை எடுத்துச் செல்லும் கூரியர் செலவு உங்களுடையது. அத்துடன் இணையப் பக்கத்தில் முளை, கயிறு, உறை சேர்ந்த மொத்த எடையைப் போடுங்கள். தானே நிற்காது, கல் தரைக்கு ஆகாது என்பதையும் தமிழிலேயே எழுதுங்கள்.

மின்வணிக விதிகள் 2020-இன்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் உறுதி செய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வந்த பிறகு வாடிக்கையாளர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. தஞ்சாவூருக்கு எனக்குப் பஸ் வசதி உண்டு. நீங்கள்தான் தூரத்திலிருந்து வர வேண்டியிருக்கும்.

டென்ட் காய்ந்து, மடித்து, எட்டு முளையும் உள்ளே போட்டுத் தயாராக இருக்கிறது. கூரியர் ஆளை அனுப்பும்போது தராசும் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் போடும் ரசீதில் என்ன எடை வருகிறதோ அதையே உங்கள் பக்கத்திலும் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கும்பகோணம்.