தொழுவூராரை முழுசாகப் பேச விடுங்கள்

வடசென்னைச் சன்மார்க்க சங்கங்களை நடத்திவரும் பெரியோர்களுக்கு,

வந்தனம். தைப்பூசத்துக்கு நீங்கள் வெளியிட்ட மலரில், வள்ளலார் இராமலிங்க ஐயாவின் மாணாக்கர்களைப் பற்றிய ‘முதல் அன்பர்கள்’ பகுதியைப் படித்தேன். தொழுவூர் வேலாயுத முதலியார், இறுக்கம் இரத்தின முதலியார், புதுவை வேலு முதலியார், சிவானந்தபுரம் செல்வராய முதலியார், மயிலை சோமசுந்தர செட்டியார் என்று எல்லாப் பெயர்களும் இருக்கின்றன. ஆனால் கல்யாணப் பத்திரிகையின் அடியில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று போடுவார்களே, அந்த மாதிரி. யாருக்கும் யாரோடும் ஒரு சின்ன மனத்தாங்கல்கூட இல்லை. ஐயாவோடு ஒருவரும் ஒரு விஷயத்திலும் மாறுபடவில்லை. நூற்றைம்பது வருஷமாக அரைத்த மாவு, இன்னும் கொஞ்சம் நைசாக.

முதலில் ஒரு திருத்தம். ஐயாவின் பாடல் தொகுப்பான திருவருட்பாவின் ஆறு திருமுறைகளையும் அவருடைய தலைமாணாக்கர் வேலாயுத முதலியார் பதிப்பித்தார் என்று மலரில் இருக்கிறது. அவர் பதிப்பித்தது ஐந்து. முதல் நான்கு 1867இல், ஐந்தாவது 1880இல். ஆறாம் திருமுறை 1885இல் வேறு அன்பர்கள் முயற்சியால் வந்தது. அப்போது முதலியார் உயிரோடுதான் இருந்தார். சாதியும் மதமும் சாத்திரக் குப்பையும் வேண்டாம் என்று ஐயா வெளிப்படையாகப் பாடியதெல்லாம் பெரும்பாலும் அந்த ஆறாவதில்தான் இருக்கிறது. தலைமாணாக்கர் அதைத் தொடவில்லை. ஏன் என்று கேட்பது அவரை அவமதிப்பது ஆகாது. ‘ஆறையும் பதிப்பித்தார்’ என்று எழுதிவிட்டால் அந்தக் கேள்வியே பிறக்காது. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

பெயர் விவகாரத்திலும் இப்படித்தான். தம்மை ‘இராமலிங்கசாமி’ என்று வழங்குவதில் தமக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று இரத்தின முதலியாருக்கு ஐயா கைப்படக் கடிதம் எழுதினார். கடைசிவரை அவர் கையெழுத்து ‘சிதம்பரம் இராமலிங்கம்’தான். 1867 பதிப்பிலோ ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்று அதைவிடப் பெரிய பெயராகப் போட்டார்கள். ஐயாவின் பாடல்களை அருட்பா என்று ஏற்காமல் எதிர்த்த ஆறுமுக நாவலர் தரப்பு 1869இல் பிடித்துக்கொண்டதும் இந்தப் பெயர்களைத்தான். ஆசான் வேண்டாம் என்றதை மாணாக்கர்கள் அன்பு மிகுதியால் செய்தார்கள், அதனால் வந்த வம்பை ஆசான் சுமந்தார். இதைச் சொல்வதில் யாருக்கு என்ன குறை வந்துவிடும்? எனக்கென்னவோ இதைப் படித்த பிறகுதான் அந்த மனிதர்கள் எல்லோருமே நெருக்கமானார்கள்.

இனி பெரிய விஷயத்துக்கு வருகிறேன். பிரம்மஞான சபையை (தியாசபிகல் சொசைட்டி) தொடங்கிய அமெரிக்கர் ஆல்காட்டும் ரஷ்யப் பெண்மணி பிளாவட்ஸ்கியும் 1882 ஏப்ரலில் சென்னை வந்தார்கள். சில வாரங்களிலேயே, ஜூலையில், வேலாயுத முதலியார் அந்தச் சபைக்கு ஆங்கிலத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தார். வடநாட்டுப் பெரியோர்களைப் பற்றி ஐயா பேசினார், ரஷ்யாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வந்து உலக சகோதரத்துவத்தைச் சொல்வார்கள் என்று முன்கூட்டியே அறிவித்தார் என்பது அதன் சாரம். நியூயார்க்கில் சபை தொடங்கியது 1875, ஐயா மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவடைத்து மறைந்தது 1874. முன்னறிவிப்பை எட்டு வருஷம் கழித்து, அந்த ரஷ்யப் பெண்மணியும் அமெரிக்கரும் ஊருக்கு வந்துவிட்ட பிறகு சொல்கிறார். பின்னால் பொருத்திப் பார்த்ததாகத்தான் எனக்குப் படுகிறது. சபைக்கும் இந்தியாவில் ஒரு சாட்சி தேவைப்பட்டிருக்கும்.

மலர் இந்த வாக்குமூலத்திலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து ‘மேல்நாட்டாரும் போற்றிய வள்ளலார்’ என்று தலைப்புப் போட்டுக்கொண்டது. மீதி எங்கே? அந்த மீதியில்தான் ஐயாவை அருகில் இருந்து பார்த்தவர் சொன்ன அடையாளம் இருக்கிறது. நடுத்தர உயரம், எலும்புக்கூடு போல மெலிந்த உடம்பு, ஆனாலும் நல்ல பலம், வேகமான நடை. மாநிறம், நேரான மூக்கு, பெரிய கனல் கண்கள். முகத்தில் எப்போதும் ஒரு துயரம். இரண்டு வெள்ளைத் துண்டு உடை. யோகிகளிடம் காணாத வழக்கமாகக் காலில் செருப்பு. புகைப்படமே எடுக்க முடியாமல் போனது என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் ஒருவருக்கு இதைவிட நெருக்கமான சித்திரம் எது? அந்தத் துயரத்துக்கு நம் காலண்டர் படத்தில் இடமில்லை என்பதற்காக விட்டுவிட்டோமா?

ஐயா கதவடைத்துக்கொண்ட அந்த மேட்டுக்குப்பத்து சித்தி வளாக அறையைப் பற்றியும் இதே முதலியார் பேசுகிறார். ஐயா உள்ளே போய் விரிப்பில் படுத்தார், அவர் சொன்னபடி கதவைப் பூட்டினோம், ஒரு வருஷம் கழித்துத் திறந்தபோது அறை வெறுமையாக இருந்தது என்கிறார். நம் மேடைகளில் சொல்வதோ, சில மாதங்களிலேயே கலெக்டர் வந்து திறந்து பார்த்தார் என்று. 1906ஆம் வருஷத்துத் தென்னார்க்காடு மாவட்டக் கெசட்டியரைப் புரட்டினால், அந்த அறை இன்னும் பூட்டியே இருக்கிறது என்கிறது. ஒன்றுக்கொன்று ஒத்துவராத மூன்று சங்கதிகள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. மூன்றையும் அடுத்தடுத்து அச்சிடுங்கள் என்கிறேன். மலரில் இரண்டாவது மட்டும் இருக்கிறது, அதுவும் நேரில் பார்த்தது மாதிரி.

‘விமரிசனம் செய்தால் பக்தி குறையும்’ என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். ஐயாவே அப்படி நினைக்கவில்லையே. 1873 அக்டோபரில் சன்மார்க்கக் கொடி ஏற்றிவிட்டுப் பேருபதேசத்தில் என்ன சொன்னார்? முன்னே தமக்குச் சைவத்தின்மேல் இருந்த பற்று அளவில்லாதது, அப்போது தம் அறிவு அற்பமாக இருந்தது என்றார். அந்தப் பழைய பற்றை அறிந்தவர்களாகப் பட்டணத்துச் சாமிகளையும் இந்த வேலாயுத முதலியாரையுமே பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். 1865இல் தாமே வைத்த சங்கப் பெயரில் ‘வேத’ என்று இருந்ததை 1872இல் தாமே எடுத்தார். தம் வரலாற்றைத் தாமே திருத்திக்கொண்டவருக்கு, திருத்தமே ஆகாத வரலாறு எழுதுகிறோம்.

இது வெறும் ஏட்டுச் சண்டையும் அல்ல. வடலூரில் ஐயா நிறுவிய சத்திய ஞான சபையில் யார் எப்படி வழிபடுவது என்ற வழக்கு 2010இல் சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. அங்கே எடைபோடப்பட்டது ஐயா என்ன விதி வகுத்தார், பின்னால் வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான்.

நம் பக்கத்து ஊர்க் கதைகளையும் ஒதுக்கச் சொல்லவில்லை. வடிவுடையம்மன் அண்ணி உருவில் வந்து சோறு போட்ட கதையை என் பேரப்பிள்ளைகளுக்கு நானே சொல்கிறேன், கேட்கும்போது அவர்கள் கண் விரிவதைப் பார்க்க வேண்டும். கதையைக் கதையாகவும் கடிதத்தைக் கடிதமாகவும் பிரித்துப் போடுங்கள். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் ஐயா வளர்ந்தது, இங்கிருந்தபடியே ஒழிவிலொடுக்கம், தொண்டமண்டல சதகம் என்ற பழைய நூல்களை அச்சேற்றியது, இவையெல்லாம் மலரில் ஒரு பத்தியில் முடிந்துபோகின்றன. பட்டணத்து அச்சுக்கூடமும் பட்டணத்து அன்பர்களின் பிடிவாதமும் இல்லாமல் 1867 பதிப்பு ஏது?

அடுத்த மலரில் வேலாயுத முதலியாருக்கு எட்டுப் பக்கம் ஒதுக்கித் தாருங்கள். 1867 பதிப்போடு அவர் பாடிச் சேர்த்த திருவருட்பா வரலாற்றையும் 1882 வாக்குமூலத்தின் முழுத் தமிழாக்கத்தையும் எதிரெதிர்ப் பக்கங்களில் போடலாம். மொழிபெயர்ப்பை நான் செய்து தருகிறேன், மெய்ப்பும் பார்க்கிறேன். கூடுதல் தாளுக்கு ஆகும் செலவில் பாதி என் கணக்கு.

இப்படிக்கு,
திருவொற்றியூர் அன்பர் ஒருவர்