உன் காட்டில் மழை என்றாயே

தாண்டிக்குடி
கொடைக்கானல் மலை
6-4-2025

அன்புள்ள மங்கை,

பிப்ரவரியில் நீ அனுப்பிய செய்திக்கு இன்றைக்குத்தான் பதில். காப்பித்தூள் விலை ஏறிக் கிடக்கிற கடைப் பலகையைப் படம் பிடித்து, கீழே "உன் காட்டுல மழைதான் போ!" என்று எழுதி, கூடவே சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி நாலு. பார்த்ததும் போனை அரிசி டின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டேன். உன்மேல் கோபம் இல்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் கொஞ்சம் இருந்தது. போனிலேயே நாலு வரி தட்டிவிட்டிருக்கலாம். இது நாலு வரியில் அடங்காது. பேசலாம் என்றால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். அதனால் பேனாவை எடுத்தேன்.

முட்டி எப்படி இருக்கிறது? படி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் ஏறாதே. இங்கே அம்மா அப்படியே இருக்கிறார். காது சுத்தமாகப் போய்விட்டது, பக்கத்து வீட்டு வம்பு மட்டும் எப்படியோ கேட்டுவிடுகிறது. நம் ஹாஸ்டல் சூப்பு வாளிக்குப் பேத்தி பிறந்திருக்கிறாளாம். பெயர் வைக்க நம் இரண்டு பேரையும் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று உனக்கே தெரியும், நான் எழுத மாட்டேன்.

சரி, மழைக்கு வருகிறேன்.

உனக்குக் காப்பி என்றால் டம்ளரில் வருவது. செடியாக அது எவ்வளவு வீம்பு பிடித்தது என்று தெரியாது. மொட்டுக் கட்டிவிட்டு அப்படியே தூங்கும். இரண்டு மாதம் நன்றாகக் காயவேண்டும். காய்ந்த பிறகு மார்ச்சிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் ஒரு மழை விழவேண்டும். அதுதான் பூ மழை. விழுந்த எட்டாம் நாள், பத்தாம் நாள் மலைச்சரிவு முழுக்க மல்லிகை கொட்டின மாதிரி இருக்கும். அதற்கப்புறம் இரண்டு மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழை வந்தால்தான் பிஞ்சு நிற்கும். ஒரு வருடத்து வருமானம் இந்த இரண்டு மழையில் தொங்குகிறது.

அப்பா முற்றத்தில் மழைமானி வைத்து நோட்டில் எழுதுவார், நினைவிருக்கிறதா? நீங்கள் எல்லாம் வந்திருந்தபோது அதற்குள் மோரை ஊற்றி வைத்து அவரை ஏமாற்றினீர்களே. அந்த நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். பூ மழை தவறிய வருடத்துக்குப் பக்கத்தில் "கைவிட்டது" என்று ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறார். அவர் நோட்டில் அந்தச் சொல் அங்கொன்று இங்கொன்று. என் நோட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் வருகிறது.

போன வருடம் மார்ச்சில் வந்தது வெறும் தூறல். தூறல் வராமலே இருந்திருக்கலாம். மொட்டு பாதித் தூக்கத்தில் விழித்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இளஞ்சிவப்பாகிக் கருகிவிடும். ஏப்ரலில் ஊட்டியிலேயே 29 டிகிரி, 1951 முதல் இருக்கிற பதிவுகளில் அதுதான் உச்சம் என்று பேப்பரில் படித்திருப்பாய். நாங்கள் ஊட்டியைவிட எவ்வளவு கீழே இருக்கிறோம், யோசித்துப் பார். அப்புறம் மே மாதம் ஒரேயடியாகக் கொட்டியது. தப்பித்திருந்த மொட்டு அப்போது பூத்தது, பூத்த பூவும் மழையிலேயே அழுகியது. வேரில் தண்ணீர் நின்று மிளகுக் கொடிக்கு வாடல் வந்தது. காலையில் பச்சையாக இருந்த கொடி வாரம் திரும்புவதற்குள் துணி காயப்போட்ட மாதிரி தொங்குகிறது.

இத்தனைக்கும் மிஞ்சின பழம் டிசம்பரில் சிவந்தது. பறிப்புக்கு ஆள் சொல்லி, அட்வான்ஸ் கொடுத்து, பழத்தோல் உரிக்கிற பல்ப்பர் மிஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்தேன். இரண்டாவது வாரம் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. பழுத்த பழம் தண்ணீர் குடித்தால் வெடிக்கும், காம்பை விட்டு உதிரும். தோலெடுத்த கொட்டையைக் களத்தில் காயப்போட வெயில் வேண்டுமே! தார்ப்பாயைத் தூக்கினால் புளித்த மாவு வாடை. மார்ச்சில் கும்பிட்டுக் கூப்பிட்டபோது வராத விருந்தாளி, டிசம்பரில் வந்து களத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். இப்போது புரிகிறதா, உன் மெசேஜைப் பார்த்து ஏன் போனைக் கவிழ்த்தேன் என்று? என் காட்டில் மழைதான்டீ. அதுதான் பிரச்சினையே.

கணக்கும் சொல்கிறேன், நீ பேங்கில் இருந்தவள். நல்ல வருடத்தில் இந்த ஏழு ஏக்கரில் முப்பத்தைந்து மூட்டை பார்ச்மென்ட், அதாவது பழத்தோல் எடுத்துக் காயவைத்த கொட்டை, வரும். இரண்டு வருடம் முன்பு மூட்டை 14,000 போனது. இந்த வருடம் 27,000. அப்பா இருந்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார். ஆனால் எனக்குக் கிடைத்தது ஒன்பது மூட்டை. கீழே உதிர்ந்ததைப் பொறுக்கித் தோலோடு காயவைத்த செர்ரி நாலு மூட்டை, அது 15,000 வீதம். எல்லாவற்றையும் விற்றால் மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். கூலி, உரம், மருந்து எல்லாம் மூன்றரை. விலை இரண்டு மடங்கு ஆன வருடத்தில் கைக்காசு போட்டிருக்கிறேன். கோயம்புத்தூரில் நீ கூடுதலாகக் கொடுக்கிற காசு எங்கேயோ போகிறது. இந்த மலைக்கு வரவில்லை.

"பிரேசிலில் பனி பெய்தால் நம் வீட்டில் பாயசம்" என்று அப்பா சொல்வார், ஞாபகம் வருகிறதா? 1975 ஜூலையில் அங்கே பரானா மாநிலத்தில் விழுந்த உறைபனியில் காப்பிச் செடிகள் கருகிப்போயின. இரண்டு வருடம் கழித்து, 1977-இல், உலகச் சந்தையில் விலை உச்சிக்குப் போனது. அப்போது நாமாக வெளியே விற்க முடியாது. விளைந்ததை காபி போர்டின் பொதுத் தொகுப்பில் கொடுக்கவேண்டும், காசு தவணை தவணையாக வரும். அந்தத் தவணைகளைச் சேர்த்துத்தான் ஜீப் வாங்கினார். பெரும்பாறை வளைவில் நீங்கள் ஆறு பேர் இறங்கித் தள்ளினீர்களே, அதே ஜீப். அதற்குப் பிறகு பிரேசிலில் ஒருவனுக்குக் கெட்ட காலம் என்றால் எங்கள் வீட்டில் யாரோ சேமியா வறுப்பார்கள். பாவம்தான், ஆனால் உண்மை.

இந்தத் தடவையும் அவர்களுக்கு வறட்சி, வியட்நாமுக்கும் வறட்சி. பிப்ரவரியில் நியூயார்க்கில் அராபிகா பவுண்டு 4 டாலரைத் தாண்டியது, அந்த 1977 உச்சத்தையும் மிஞ்சி. ஆனால் பாயசம் வைக்க ஆள் இல்லை. முன்பெல்லாம் கெட்ட காலம் ஒரு சமயத்தில் ஓர் ஊருக்குத்தான் வரும், மற்ற ஊர் பிழைத்துக்கொள்ளும். இப்போது அவனுக்கும் காய்கிறது, எனக்கும் காய்கிறது. விலை யாருக்காக ஏறுகிறது என்றே தெரியவில்லை.

ஒருவருக்கு மட்டும் அந்த விலை கிடைத்தது. எங்களுக்கு மேலே பெரிய எஸ்டேட் ஒன்று இருக்கிறது. அவர்களுக்குக் குளம் உண்டு, ஸ்பிரிங்க்ளர் உண்டு. மார்ச்சில் வானம் கொடுக்காததை அவர்கள் பைப்பில் கொடுத்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளையாகப் பூத்து நின்றதை, ஒரு வாரம் வாசனை பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பொறாமையா என்று கேட்காதே.

இனி எழுதப்போவதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். தம்பிக்கு மட்டும் தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை.

மேல் பிளாக்கில் இருந்த சில்வர் ஓக்கில் அறுபது மரத்தை விற்றுவிட்டேன்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், ஆனாலும் எங்களுக்கு அதுதான் பிக்சட் டெபாசிட். காப்பிக்கு நிழல், மிளகு ஏறக் கொம்பு, இருபது வருடம் போனால் பிளைவுட்காரனுக்கு மரம். என் கல்யாணம் அப்படித்தான் நடந்தது, உனக்குத் தெரியும். கஷ்டத்துக்கு உடைக்கிற உண்டியல். இதில் ஒரு கோளாறு, எனக்குக் கஷ்டம் வரும்போது மலை முழுக்கக் கஷ்டம் வருகிறது. எல்லாரும் ஒரே நாளில் உண்டியலை உடைத்தால் வியாபாரி சொன்னதுதான் விலை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறி, டெல்டாவில் தென்னையைச் சாய்த்துவிட்டு எங்கள் மலைக்கும் வந்ததே, அன்றைக்கு விழுந்த மரங்களுக்கு எனக்கு வெட்டுக்கூலிதான் தேறியது. அந்தப் பயம் மனதில் இருந்தது. நிற்கும்போதே விற்றுவிடுவோம், இன்னொரு புயல் வந்து ஓசியில் தள்ளுவதற்கு முன்னால் என்று.

மலையில் மரம் வெட்ட 1955-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது, அனுமதி வாங்க வேண்டும். எழுதிப் போட்டேன். காகிதம் வந்து சேர்வதற்குள் மனசு மாற நிறைய அவகாசம் இருந்தது. மாறவில்லை. ஜனவரியில் வெட்டினார்கள். அறுபது மரத்துக்கு ஒன்றரை லட்சம், மரத்துக்கு 2,500. நன்றாக ஏறிய கொடி ஒன்று வருடத்துக்கு இரண்டு கிலோ காய்ந்த மிளகு கொடுக்கும், ஆயிரத்து முந்நூறு ரூபாய். அதாவது இரண்டு வருட மிளகுக் காசுக்கு மரத்தையே கொடுத்திருக்கிறேன். வாடல் வந்து கொடி செத்த மரங்களைத்தான் கொடுத்தேன் என்று தம்பியிடம் சொன்னேன். நாற்பது அப்படி. மிச்சம் இருபது அப்படி இல்லை. வியாபாரி வரிசையாகக் கேட்டான், நானும் வரிசையாகக் கொடுத்தேன்.

அந்தச் சரிவில் இப்போது பன்னிரண்டு மணிக்கு நிற்க முடியவில்லை. நிழல் இருந்த காலத்தில் அங்கே நின்று சாப்பிட்டிருக்கிறோம். போரர் என்று ஒரு வண்டு இருக்கிறது, தண்டைத் துளைக்கிறது. வெயில் படுகிற தண்டாகப் பார்த்துப் பட்டை வெடிப்பில் முட்டை போடும். புழு உள்ளே போய்விட்டால் மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். இந்த ஏப்ரல், மே அது பறக்கிற காலம். அதனால் தினமும் காலையில் நானும் பாச்சலூர் அக்காவும் சுண்ணாம்பு வாளியும் தூரிகையுமாகப் போய் ஒவ்வொரு தண்டாகப் பூசுகிறோம். "மரத்தை வித்துட்டு, செடிக்கு வெள்ளையடிக்கிறோம்" என்று அக்கா சிரிக்கிறாள். சுண்ணாம்புச் செலவைக் கணக்கில் சேர்த்தால் அந்த 2,500 இன்னும் குறையும். சேர்க்கவில்லை.

இதற்கு நடுவில் ஏற்றுமதிக்காரர் அனுப்பிய பையன் ஒருவன் வந்தான். தோட்டத்தின் நாலு மூலையிலும் போனைப் பிடித்துப் புள்ளி வைத்தான். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்துக் காப்பியை ஐரோப்பா வாங்காதாம். அந்தச் சட்டம் அமலுக்கு வருவது தள்ளிப்போயிருக்கிறது. மேல் பிளாக் அடிமரங்களைக் காட்டி, "தம்பி, இது காடழிப்பா?" என்று கேட்டேன். "இல்லைங்க, இது தோட்டம். நிழல் மரம் கணக்கில் வராது" என்றான். அப்பாடா என்று இருந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தேன் போல.

தம்பிக்கு வேறு யோசனை. காப்பியைப் பிடுங்கிவிட்டு முழுக்க பட்டர் பழம், அதான் அவகாடோ, வைக்கலாமாம். பெங்களூரில் ரொட்டியில் தடவி ஒரு தட்டு முந்நூறுக்கு விற்கிறார்களாம். நாம் ஹாஸ்டலில் தலையில் தேய்த்துக் குளித்த பழம்! வரப்போரமாக இருபது கன்று வைத்திருக்கிறேன், வாயை மூட. ஆனால் எல்லாரும் பட்டர் வைத்தால் அதுவும் எத்தனை நாள் முந்நூறுக்கு விற்கும்? காப்பிக்கு ஏற்ற நிலமே 2050-க்குள் உலகில் பாதியாகிவிடும் என்று பத்து வருடம் முன்பே ஓர் ஆய்வு சொன்னது. அப்போது எனக்கு எண்பது வயது. அந்தப் பாதியில் தாண்டிக்குடி இருக்குமா என்று அவர்கள் எழுதவில்லை.

இந்த வருடம் பூ மழை வந்தது. மார்ச் கடைசியில், இரவு. ஒன்றே கால் அங்குலம். விளக்கைப் பிடித்துக்கொண்டு மழைமானியைப் பார்த்தேன், பொங்கலுக்குப் புதுத்துணி வந்த பிள்ளை மாதிரி. இரண்டு நாளாகப் பூத்திருக்கிறது. மேல் பிளாக்கும் பூத்திருக்கிறது, கீழே இருப்பதைவிட அதிகமாகவே. வெயில் விழுந்தால் முதல் வருடம் அப்படித்தான் பூக்கும், பெருமைப்படாதே என்கிறாள் அக்கா. இனி இருபதாம் தேதிக்குள் அடுத்த மழை வரவேண்டும். ஜூனில் மேல் பிளாக்கில் நட கல்யாண முருங்கைப் போத்து நூறும், பலாக் கன்று கொஞ்சமும் சொல்லி வைத்திருக்கிறேன். சில்வர் ஓக் வேண்டாம். பலா என்றால் எனக்கே விற்க மனசு வராது.

உன்னிடம் ஒரு காரியம். நகையை வைத்து விவசாயக் கடன் வாங்கினால் இப்போது வட்டி எவ்வளவு, கட்டத் தவறினால் எவ்வளவு ஏறும்? நீ வேலை பார்த்த இடத்தில் கேட்டுச் சொல். எனக்குப் பாவப்பட்டுக் குறைத்துச் சொல்லாதே.

ஒன்பது மூட்டையில் எட்டரைதான் விற்றேன். இந்தப் பார்சலில் இருப்பது மிச்சத்தில் வறுத்து அரைத்தது, ஒரு கிலோ. சிக்கரி கலக்காதே, ஹாஸ்டல் வாளி காப்பி மாதிரி ஆகிவிடும். விலை கேட்டு மெசேஜ் போட்டால் அடுத்த கடிதம் இன்னும் நீளமாக வரும்.

முட்டி சரியானதும் மே மாதம் வா. ஜீப் இன்னும் ஓடுகிறது, பெரும்பாறை வளைவு வரைக்கும்.

உன்,
காப்பிக்கொட்டை