வண்டிக்கு முன்னால் வயரிங்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

மின்வண்டி வாங்குகிறவர்கள் மானியம், பேட்டரி வாரன்டி, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். வீட்டு வயரிங் தாங்குமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வயரிங் தொழிலில் இருப்பவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

காரோடு வரும் 3.3 கிலோவாட் சார்ஜர் 230 வோல்ட்டில் 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கீசரும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் அது கால்மணி நேரத்தில் நின்றுவிடும். 30 யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரி உள்ள காரோ ஒன்பது, பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும். பிளக் பாயின்ட்டில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் போதும், விடிவதற்குள் கருகிவிடும். வயர் நீட்டிப் பயன்படுத்தும் ஜங்ஷன் பாக்ஸில் சொருகவே கூடாது. மெயின் போர்டிலிருந்து 4 ஸ்க்வேர் எம்எம் செம்பு வயர், தனி எம்சிபி (கரன்ட் அளவு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானே அணையும் ஸ்விட்ச்), 16 ஆம்பியர் பிளக், நல்ல எர்த் எல்லாம் வேண்டும். ஸ்கூட்டருக்கு இவ்வளவு கனமான வயர் தேவையில்லை, எர்த் கட்டாயம் தேவை.

எர்த் இல்லாவிட்டால் பல சார்ஜர்கள் ஓடாது. அப்போது பிளக்கிலேயே நியூட்ரலையும் (கரன்ட் திரும்பிப் போகும் வயர்) எர்த்தையும் சேர்த்து முடிந்து ஓட வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். நியூட்ரல் அறுந்தால் வண்டியின் உடம்பிலேயே கரன்ட் ஏறும். தொடுவது குழந்தையாகவும் இருக்கலாம்.

வெயிலில் ஓடிவந்த சூட்டோடு சார்ஜ் போட வேண்டாம். ஊரே ஏசி போடும் முன்னிரவைத் தவிர்த்து, டைமர் இருந்தால் பதினொரு மணிக்கு மேல் வையுங்கள். வோல்டேஜும் சீராக இருக்கும். கரன்ட் பில்லையும் பாருங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், மேலே போன யூனிட்டுக்குக் கூடுதல் வீதம் விழுவதோடு, கீழ்ப்படியில் இருந்த மலிவு வீதமும் போய்விடுகிறது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் பாடுதான் பெரிது. பார்க்கிங்கில் பாயின்ட் வைக்கக் குடியிருப்போர் சங்கம் மறுத்ததால் மூன்றாவது மாடியிலிருந்து வயரைத் தொங்கவிட்ட வீட்டையும் பார்த்திருக்கிறேன். மத்திய அரசு 2024-இல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, மின்வண்டி சார்ஜ் செய்யத் தனி இணைப்பே கேட்டுப் பெறலாம். அதற்கான கட்டண வீதத்தை முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. இந்த உரிமையையும் விண்ணப்பிக்கும் முறையையும் மின்வாரியம் ஒவ்வொரு பிரிவு அலுவலகத்திலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். சங்கங்களும் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேச வேண்டும்.

இப்படிக்கு,
வயரிங் தொழிலாளி ஒருவர்,
திருப்பூர்.