விசைத் தகட்டைக் கழற்றுங்கள்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இதழில் வேட்டைத் துப்பாக்கிகள் பற்றி எழுதியிருந்தீர்கள், ஆனால் விசை (சுட விரலால் இழுக்கும் டிரிகர்) மேல் தனியாக வாங்கி மாட்டும் அகலத் தகட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. டெக்சாஸில் இருக்கும் என் அக்கா மகன் அதைத்தான் மாட்டிப் படம் அனுப்பினான். விரல் பதியும் பரப்பு கூடுவதால் விசை லேசாகத் தோன்றும், உண்மையில் அதை இழுக்கத் தேவையான பலம் ஒரு கிராம்கூடக் குறையாது. சரி, அது போகட்டும். தகடு, விசையைச் சுற்றியிருக்கும் காப்பு வளையத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் புதரோ சட்டை மடிப்போ இடித்தாலே குண்டு பாய்ந்துவிடலாம். அப்புறம் அதைப் பிடித்திருப்பது குட்டித் திருகுகள். காசிமேட்டில் போட் எஞ்சின் வேலை பார்க்கிறவன் நான், அதிர்வில் திருகு தளர்வதை தினமும் பார்க்கிறேன். போன வாரமே கழற்றச் சொன்னேன், இன்னும் கழற்றவில்லை. அடுத்த இதழிலாவது இதை எழுதுங்கள், அவனுக்கு அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காசிமேடு