நாட்குறிப்புக்குப் பத்து நிமிடம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

வரும் திங்கள்கிழமை முதல் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மாலையில் கடைசி மணிக்கு முன் பத்து நிமிடம் நாட்குறிப்பு எழுதப் போகிறார்கள். இதற்கு மார்க் கிடையாது. ஆசிரியர் திருத்தவும் மாட்டார். அப்புறம் எதற்கு இது என்று கேட்பீர்கள்.

போன வாரம் ஆறாம் வகுப்பில் மட்டும் எழுதச் சொல்லிப் பார்த்தோம். முதல் நாள், "காலையில் எழுந்தேன், பல் தேய்த்தேன், பள்ளிக்கு வந்தேன்" என்றுதான் பலரும் எழுதினார்கள். நான்காம் நாள் ஒரு மாணவி தானாகவே என்னிடம் நோட்டை நீட்டினாள். "குழாயடி வேப்பமரத்தில் ஓர் அணில் தேங்காய் நாரைக் கவ்விக்கொண்டு ஏறியது. நார் மூன்று முறை கீழே விழுந்தது. மூன்று முறையும் இறங்கி வந்து எடுத்துப் போனது."

அந்த மரத்தடியில்தான் நான் தினமும் வண்டியை நிறுத்துகிறேன். ஒருநாள்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. சாயங்காலம் எழுத வேண்டும் என்ற நினைப்பு இருந்தால் காலையிலிருந்தே கண் தேட ஆரம்பிக்கிறது. உடம்பு வகுப்பிலும் மனசு நாளைய பரீட்சையிலுமாக இருக்கும் பிள்ளையை இந்தச் சின்னத் தேடல் இன்றைக்கு இழுத்து வருகிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 தொடங்கி 1761இல் இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதினார். வந்த கப்பல், நடந்த பேச்சு, ஊர் வதந்தி என்று அன்றன்று கண்டதும் கேட்டதும்தான், அதுவும் அன்றைய பேச்சுத் தமிழில். அந்தக் காலத்தை அறிய இன்றும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிள்ளை தானாகக் காட்டாமல் அந்த நோட்டைப் பிரிக்காதீர்கள். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது வீட்டுப் பெரியவர் ஒருவர் என் நோட்டை எடுத்து எல்லோர் முன்னும் வாசித்துச் சிரித்தார். அதற்குப் பிறகு பல வருடம் நான் எழுதவே இல்லை. பிள்ளை வாடியிருப்பதாகத் தோன்றினால் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள், எங்களுக்கும் சொல்லுங்கள். காட்டினால் எழுத்துப் பிழையைச் சுட்டாமல், "அப்புறம் அணில் என்ன செய்தது?" என்று கேளுங்கள்.

புது நோட்டு வாங்க வேண்டாம். போன வருட நோட்டுகளில் மிச்சமிருக்கும் தாள்களைச் சேர்த்துத் தைத்து, அட்டையில் பெயர் எழுதித் திங்களன்று கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்